சவுக்காரக் குன்று

காப்பியில் மறுபடியும் ஆடை படிந்திருந்தது. ரோஸ்வித்தா காப்பிக்குப் பால் விட்டுக்கொள்கிறவள் அல்ல. கரண்டியால் வழித்தாள், வெளுத்த அந்தக் கொழுப்பு கரண்டியை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டது. நவம்பர் மழையில் கிணற்றுத் தண்ணீர் இப்படித்தான் என்று வருடக்கணக்காகத் தனக்கே சமாதானம் சொல்லிவருகிறாள். அது அவள் கணவன் எக்பெர்ட் வெட்டிய கிணறு. அவன் செத்த பிறகும், ஊர்க்குழாய் வந்த பிறகும், அவள் வேறு தண்ணீர் குடித்ததில்லை.

மேஜைமேல் அவள் எழுதிய ஊர் வரலாறு, நாளை அச்சுக்குப் போகவேண்டியது. எழுநூறாவது ஆண்டு விழாவாம். முதல் பக்கத்தில் குன்றின் பெயர்: சைஃபன்பெர்க். ஜெர்மன் மொழியில் சைஃபன் என்றால் சவுக்காரம்; சவுக்காரக் குன்று என்று வெளியூர்க்காரன் சிரிப்பான். ஆனால் மணலை அலசி வெள்ளீயம் எடுத்த பழைய சுரங்கக்காரர்கள் அந்த அலசலுக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அதனால் பெயர் சுரங்கத்திலிருந்து வந்தது என்று முடித்திருந்தாள். குன்றில் குண்டுமணி ஈயம்கூடக் கிடைத்ததில்லை என்பதை எழுதவில்லை. தேவாலய ஏட்டில் ஒரு பாதிரியார் கிறுக்கிய வரியையும் விட்டுவிட்டாள்: 'ஊர்க் கல்லறைத் தோட்டம் குன்றுக்கு மாறியதிலிருந்து கீழ்த்தெருப் பெண்கள் சவுக்காரம் வாங்குவதில்லை.'

தொலைபேசி அடித்தது. குழிவெட்டும் ஹார்ட்முட். இந்த ஊரில் கல்லறை இடம் குத்தகைக்குத்தான்; எக்பெர்ட்டின் இருபத்தைந்து வருடம் முடிந்து, அடுத்தவருக்காக இன்று தோண்டுகிறார்கள்.

"மேல வரீங்களாம்மா?"

"எதுக்குடா? நாலு எலும்பு இருக்கும், அடியில போட்டு மூடுன்னு சொன்னேனே."

"உங்க வீட்டுக்காரர் இன்னும் காலி பண்ணலம்மா."

எப்போதும் தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறவன், இன்று சிரிக்கவில்லை.

ஏறும் வழியெல்லாம் மஞ்சள் களிமண் காலணியைக் கவ்வி இழுத்தது. பாதி வழியிலேயே வாடை வந்துவிட்டது, ஊசிப்போன பாலாடைக்கட்டியும் ஈர மெழுகுவர்த்தியும் கலந்த வாடை, மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அந்த ருசி அவளுக்குப் பழக்கமானது.

"களிமண்ணுல காத்தே இறங்கலம்மா. சதை மண்ணாகாம மெழுகாயிடுச்சு," என்றான் ஹார்ட்முட். "முகத்தைப் பாக்காதீங்க. காலைப் பாருங்க."

அவள் முகத்தைத்தான் பார்த்தாள். அதே மூக்கு. அதே மோவாய்ப் பள்ளம். வெள்ளையாக, வழவழப்பாக.

பிறகு கால்.

கால் இல்லை. முழங்காலோடு முடிந்திருந்தது. வெட்டுப்படவில்லை. தேய்ந்திருந்தது. தேய்ந்த சவுக்காரக் கட்டியின் முனை மாதிரி உருண்டு. குழியின் ஓரத்தில் ஊற்று கசிந்து, அந்த முனையை நக்கிவிட்டு, சரிவில் இறங்கியது. நேர் கீழே அவள் வீட்டுக் கூரை, பக்கத்தில் கிணறு.

"மீதி எங்கடா?"

ஹார்ட்முட் தொப்பியைக் கழற்றினான்.

அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். இருபத்தைந்து வருடம். காப்பியில். சூப்பில். வாய் கொப்பளித்த தண்ணீரில்.

மழை வலுத்தது. குழிக்குள், எக்பெர்ட்டின் நெஞ்சின்மேல், மெல்ல நுரை கட்டத் தொடங்கியது.