ஓடுபாதையில் காயும் கொள்ளு

சூரியன் வருவதற்குள் கொள்ளுச் செடிகளை ஓடுபாதையில் விரித்துவிட்டு, அதன் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இப்பால் ஓடிவந்துவிட வேண்டும். தாமதித்தால், விடியுமுன் சற்று நேரம் மட்டுமே உறங்கும் காவல்பொறி விழித்துச் சுட்டுவிடும். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் போருக்காகப் போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்ததும் ஆடு மேய்ந்தது. வெகுகாலம் கழித்து வந்த தண்ணீர்ப் போரில் மறுபடி விமானங்கள் இறங்கின. காவலுக்கு எட்டுச் சக்கரப் பொறி வந்தது. அந்தப் போரும் முடிந்தது. அதைப் பொறிக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. உடற்சூட்டை அறியும் அதன் வெப்பக்கண்ணில் பட்டவர்கள் செத்தார்கள். ஆனால் அதன் சக்கரம் ஏறினால் கொள்ளு அழகாக உதிர்ந்தது. அதனால் ஊரும் பொறுத்துக்கொண்டது. வண்டி ஓடும் இடமெல்லாம் நமக்குக் களம்தானே!

போன அறுவடையில், மறந்த சாக்கை எடுக்கத் திரும்பிய செங்கமலத்தின் மகன் தலையில்லாமல் விழுந்தான். அவள் நகரத்துக்குப் போய் அழுது, சண்டை போட்டு, ராணுவப் பொறியாளர் தேவசகாயத்தை அழைத்துவந்தாள். அவர் பொறியை அணைத்தார்.

"இனிமே இங்க யாரும் சாக மாட்டாங்கம்மா."

ஓடுபாதைக்கு மேற்கே செங்கமலம் வாழ்க்கைப்பட்ட ஊர். கிழக்கே பிறந்த ஊர். பொறிக்குப் பயந்து ஓடிய காலத்தில் கிடைத்த இடத்தில் விரித்தார்கள். இப்போது நின்று அளக்க நேரம் இருந்தது. இந்த அறுவடையில் அரிவாள்கள் வந்தன. முதல் நாளே மூன்று பேர் குடல் சரிந்து கிடந்தார்கள்.

"இது எங்க பக்கம், மச்சான்!" என்று அரிவாளை ஓங்கினான் அவள் கணவன் சடையப்பன். எதிரே அதே கோலத்தில் அவள் அண்ணன் மாயாண்டி.

செங்கமலம் மறுபடி நகரத்துக்கு ஓடி அழைத்துவந்திருந்த தேவசகாயத்தின் காலைப் பிடித்தாள். "பொறியை எழுப்புங்க சார். அதுக்குப் பயந்தாவது வீட்டுக்குப் போவாங்க. புள்ளையத்தான் குடுத்துட்டேன், இவங்க ரெண்டு பேராவது மிஞ்சட்டும்."

"அணைச்சப்பவே அதோட நினைவெல்லாம் அழிஞ்சிருச்சும்மா. புதுசா உத்தரவு கேக்கும்," என்றபடி அவர் விசையைத் தட்டினார்.

பொறி கண் விழித்தது. "எதிரி யார்? காட்டவும்."

யாருமில்லை என்று ஒரு வார்த்தை போதும். செங்கமலம் வாயைத் திறப்பதற்குள் சடையப்பன் மாயாண்டியைக் காட்டினான். மாயாண்டி சடையப்பனைக் காட்டினான்.

பொறி இரண்டு முறை சுட்டது. "இரு பக்கமும் எதிரி" என்று அது பதிந்துகொள்வதற்குள் மற்றவர்கள் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். பிறகு வழக்கம்போல ரோந்து புறப்பட்டு, செடிகளின் மேலும் அவர்களின் மேலும் ஏறிப் போனது. கொள்ளு நன்றாக உதிர்ந்தது.

இரத்தம் பட்ட பயற்றை இரண்டு ஊராரும் கழுவினார்கள். மறுநாள் விடியுமுன், இடத்தகராறு எதுவும் இல்லாமல், ஓடுபாதையிலேயே காயப்போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.