கடலுக்குள் இறக்கிய கம்பிகள்

கடலின் ஏற்றம் வடிந்துகொண்டிருந்தது. பின்தாழ்வாரத்திலிருந்து கடலுக்குள் இறக்கிய செப்புக் கம்பிகள் எல்லாம் ஓட்டத்தோடு வெளிக்கடல் பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் எதிர்த்திசையில், வீட்டின் அடிப்பக்கமாக, விறைத்து நின்றது.

ஓதாலிஸ் காபிக் கோப்பையை மரக்கிராதியின் மேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். கார்சா முனையில் எல்லா வீடுகளையும் போல அவள் வீடும் தண்ணீருக்குள் நட்ட கட்டைகளின் மேல் நிற்பது. கம்பி எங்கே போகிறது என்று பார்க்க முடியவில்லை. தரைப்பலகைகளுக்குக் கீழே, சிப்பி படிந்த கட்டைகளுக்கு நடுவே, சாயங்காலத்திலேயே இருட்டிவிடும். ஏதோ பழைய கட்டையில் சிக்கியிருக்கும் என்று இழுத்தாள். கம்பி கொஞ்சம் வந்தது. பிறகு, அவசரமில்லாமல், வந்த அளவு திரும்பிப் போனது.

சிக்கிய கம்பி அப்படிப் போகாது. மறுமுனையை யாராவது பிடித்திருந்தால் போகும்.

அவள் கையை விட்டாள். காபி ஆறியிருந்தது. ரேஷன் காபித்தூளில் கலந்திருந்த வறுத்த பட்டாணியின் மணத்துக்கு மேலாக, கீழேயிருந்து சேறும் டீசலும் கலந்த வாடை வந்தது.

அந்தக் கம்பிகள் ஒரு ரேடியோ ஆன்டெனாவினுடையவை. அதைத் தொடங்கியவன் அவள் கணவன் எவெலியோ. பாழாய்ப்போன கரும்புத் தோட்டத்தின் நீர்ப்பாசன அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தாழ்வாரத்தின் மூலையில் செங்குத்தாக நிறுத்தத் திட்டம் போட்டிருந்தான். நடுநடுவே, வெள்ளைக் குழாய்த் துண்டுகளில் கம்பிச் சுருள்கள். சிறிய அலைகளைச் சுருள் பாதியிலேயே தடுத்துவிடும். நீண்ட அலைகள் உச்சிவரை ஏறும். ஒரே கம்பம், நாலு அலைவரிசை. கம்பி, எரிந்துபோன ரஷ்யத் துவைப்பு இயந்திரத்தின் மோட்டாரிலிருந்து பிரித்தது. முதல் சுருளை மட்டும் அவன் முடித்திருந்தான். சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும். முடித்ததை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். இடையில் இழையளவு வெளிச்சம் தெரிந்தாலும் முழுவதையும் பிரித்து மறுபடி சுற்றுவான்.

பிறகு ஒரு காலை, பக்கத்து ஊர்ப் படகுக்காரன் ஒருவனின் ரேடியோவைச் சரிபார்க்க அவனோடு கடலுக்குப் போனான். அன்று மதியம் வடக்கிலிருந்து காற்று இறங்கியது. படகு கிடைத்தது. படகுக்காரனின் உடலும் கிடைத்தது. எவெலியோ கிடைக்கவில்லை. வீட்டின் பழைய ஆன்டெனாவையும் அதே காற்று கொண்டுபோயிருந்தது.

மீதிச் சுருள்களை ஓதாலிஸ் சுற்றினாள். அவளும் ரேடியோ உரிமம் வாங்கியவள்தான், ஆனால் கை எவெலியோவின் கை இல்லை. சாகுவா நகரத்திலிருந்து கேபிள் கொண்டுவந்த ஃபெர்மின் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எழுபது வயது, அவள் மகளின் ஞானத்தகப்பன், ஓதாலிஸ் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார்.

"இது என்ன சுருளா, இல்ல கோழி கிளறுன நூலா, கொமாத்ரே? எவெலியோ பாத்தா ரெண்டு நாள் சாப்பிடமாட்டான்."

"வந்து அவனே பிரிச்சுச் சுத்தட்டும். அதுவரைக்கும் நீங்க வாய மூடிக்கிட்டு அந்தக் குழாயப் பிடிங்க, கொம்பாத்ரே."

ஃபெர்மின் குழாயைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை.

கம்பத்தின் அடியிலிருந்து தரையில் பரப்ப வேண்டிய கம்பிகளுக்கு அந்த வீட்டில் தரை இல்லை. உப்புத்தண்ணீரைவிட நல்ல தரை கிடையாது என்று ஃபெர்மின்தான் சொன்னார். ஆகவே கிராதியிலிருந்து கடலுக்குள் இறக்கினார்கள். ஒரு சுருளில் ஒரு சுற்றைக் குறைத்ததும் மீட்டரின் முள் வழிக்கு வந்தது. அப்போதுதான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

அந்தக் கரையின் ரேடியோக்காரர்கள் தினமும் அந்தி நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு வட்டம் என்று பெயர். ஃபெர்மின் ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். அவரவர் பதில் சொல்ல வேண்டும். வட்டத்தில் ஒருவர் இறந்தால், அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பதிலுக்காக மௌனம் காப்பார்கள். அந்த மௌனத்தில் கரை முழுவதும் யாரும் பொத்தானைத் தொடமாட்டார்கள். பிறகு பெயரை மூடுவார்கள். பதில் வந்த பெயரை மூடுவதில்லை. தினமும் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் பதில் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. வரும் ஞாயிறு எவெலியோவின் பெயரை மூடிவிடலாம் என்றார் ஃபெர்மின்.

"ஞாயித்துக்கிழமை வேணாம், கொம்பாத்ரே. அவன் உடம்பே கிடைக்கல."

"தேடுறத விட்டே ரொம்ப நாளாச்சு, புள்ள. பேரத் திறந்தே வச்சிருந்தா அவனுக்கும் நிம்மதியில்ல, உனக்கும் இல்ல."

ஞாயிறு அந்தியில் மின்சாரம் போயிருந்தது. லாரி பேட்டரியில் ரேடியோவை ஓட்டிக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஃபெர்மின் எவெலியோவின் அழைப்புப் பெயரைச் சொன்னார். அதன் கடைசி எழுத்துகளை நாட்டுப் பெயர்களால் சொல்வது வழக்கம்: நார்வே, இத்தாலி, பிரேசில். வளைகுடாவைத் தாண்டாதவன் மூணு நாட்டைத் தோளில் சுமக்கிறான் என்று அவனைக் கிண்டல் செய்யாதவர்கள் வட்டத்தில் இல்லை. மௌனம். இரண்டாம் முறை. மௌனம். ஒலிபெருக்கியின் இரைச்சலும் பலகைக்குக் கீழே தண்ணீர் கட்டைகளை நக்கும் சத்தமும் ஒன்றாகிவிட்டன. மூன்றாம் முறை கூப்பிட்டார். இது முடிந்தால் எவெலியோ இல்லை.

அவள் கை மோர்ஸ் தட்டும் தந்திச் சாவிக்குப் போனது.

எவெலியோ எந்தப் பேச்சையும் சாவியில் இரண்டு சின்னத் தட்டுகளோடுதான் முடிப்பான். இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வரும், வாசல்வரை போனவன் திரும்பிப் பார்ப்பதுபோல. அவள் இரண்டு முறை தட்டினாள். பதற்றத்தில் இரண்டாவது சீக்கிரம் வந்துவிட்டது.

பிறகு ஃபெர்மின், கரகரத்த குரலில், கேட்டது, பெயர் திறந்தே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெட்கம் தாங்காமல் மறுநாள் காலை சாவியின் ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றிப்போட்டாள். அன்று சாயங்காலம்தான் அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்தாள்.

ஆறிய காபியைக் கொட்டிவிட்டு உள்ளே வந்தபோது வட்டம் தொடங்கியிருந்தது. ஃபெர்மின் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு கணம் தயங்கி, மூன்று நாடுகளையும் சொன்னார்.

தட்டு. பிறகு, தாமதமாக, இன்னொரு தட்டு.

மீட்டரின் முள் கடைசிவரை போய் அங்கேயே நின்று நடுங்கியது. அடுத்த வீட்டிலிருந்து அனுப்பினால்கூட அப்படி வராது.

"கை தேறியிருக்கு, கொமாத்ரே," என்றார் ஃபெர்மின். மென்மையாகத்தான் சொன்னார்.

சாவி மேசையில் கிடந்தது. அதன் ஒயர் நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு இரவு அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தாமதத்தை அவள் கற்றுக்கொடுக்கவில்லை. அது எவெலியோவுடையது. காலையில் ஒயரைச் சொருகி, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். இரண்டு தட்டு. குளிர்கிறதா என்று கேட்டாள். இரண்டு தட்டு. மகளின் பெயர் என்ன என்று கேட்டாள். தட்டு. தாமதம். தட்டு. எதைக் கேட்டாலும் அதே. அவனிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதானா, இல்லை வேறொன்று அதை மட்டும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதா என்று நினைத்தபோது முதல்முறையாகப் பயந்து, ஒயரை மறுபடி கழற்றினாள்.

ஒவ்வொரு அந்தியிலும் இன்னொரு கம்பி வீட்டுக்கு அடியில் திரும்பியது. ஒவ்வொரு அந்தியிலும் ஃபெர்மின் கூப்பிட்டார், பதில் வந்தது. கூப்பிடாதபோதும் வரத் தொடங்கியது. ரேடியோவை அணைத்த பிறகு, கட்டைகளில் ஏதோ உரசும் சத்தம். நனைந்த சாக்கு மூட்டையை யாரோ ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு நகர்த்துவதுபோல. படுக்கையறைக்குக் கீழே கொஞ்ச நேரம், அடுப்படிக்குக் கீழே கொஞ்ச நேரம். அவள் எழுந்து நடந்தால் அதுவும் நடந்தது, அவள் நின்றால் நின்றது.

எல்லாக் கம்பிகளும் திரும்பிவிட்ட நாளில் கடைக்குப் போய் ஃபெர்மினுக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்கு மறுபடி மூணு தடவ கூப்பிடுங்க. பேர மூடிடுங்க."

"சாவியத் தொடாம இருக்க முடியுமா உன்னால?"

"நான் தொட்டது ஒரே அந்திதான், கொம்பாத்ரே. அந்த ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்."

அப்படியானால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாகுவாவுக்கு வா என்றார் அவர். அவள் மறுத்துவிட்டாள். தன் கையால் திறந்த பெயரை, மூடுவதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் குறட்டால் கம்பிகளைக் கிராதியோடு வெட்டினாள். வெட்டிய முனைகள் கீழே விழவில்லை. ஊசிக்குப் பின்னால் நூல் துணிக்குள் போவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டுக்கு அடியில் போயின.

அந்தி. மின்சாரம் இல்லை. எண்ணெய் விளக்கை மேசையில் வைத்தாள். சாவியைச் சமையலறைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

ஃபெர்மின் கூப்பிட்டார். நார்வே, இத்தாலி, பிரேசில்.

இரைச்சல். தண்ணீர்.

மறுபடி கூப்பிட்டார். அவள் விரல்கள் வலித்தன. எவெலியோ, பேசாதே. அன்பே, பேசாதே.

மூன்றாம் முறை.

மௌனம்.

மீட்டரின் முள் அசையவில்லை. கீழே உரசல் இல்லை. தண்ணீர்கூட இல்லாததுபோல இருந்தது. ஃபெர்மின் நெடுநேரம் காத்திருந்தார். பிறகு, பெயர் மூடப்பட்டது, கடல் அவனுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்றார். கரை முழுவதும் ஒவ்வொருவராக விடைசொன்னார்கள். அவள் அழுதாள். பல வாரங்களுக்குப் பிறகு, மற்ற விதவைகளைப் போல, சாதாரணமாக அழுதாள்.

வழக்கப்படி, கடைசியாக, இறந்தவரின் வீட்டாரைக் கூப்பிட வேண்டும். ஃபெர்மின் ஓதாலிஸின் அழைப்புப் பெயரைச் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குக் கை நீட்டினாள்.

தட்டு.

அவள் கை நின்றது.

தட்டு.

"கேட்டேன், கொமாத்ரே," என்றார் ஃபெர்மின். குரலில் நிம்மதி. "நல்லாத் தூங்கு."

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். எழ முயன்றாள். முடியவில்லை. சேற்று வாடை. டீசல்.

விளக்கை எடுத்துக் கீழே பிடித்தாள்.

பலகை இடுக்கு வழியாகச் செப்புக் கம்பி ஏறிவந்திருந்தது. ஈரமாக. கணுக்காலில். நாற்காலிக் காலோடு சேர்த்து. சுற்றோடு சுற்று ஒட்டி, இழையளவு வெளிச்சமும் தெரியாமல்.

முழங்காலுக்குக் கீழே, அடுத்த சுற்று, பொறுமையாக, வந்துகொண்டிருந்தது.