பாதி வேகம்

"ஐயோ...! கை... மனுஷக் கை!"

நிலக்கரி ஏற்றும் பார்ஜ் படகில் நின்ற தொழிலாளி அலறிய அலறலில் மஹாகாம் ஆற்றங்கரையே திரும்பிப் பார்த்தது.

நிலக்கரிக் குவியலைத் தோண்டினார்கள்.

யுஸ்ரான்! சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. பின்மண்டை பிளந்திருந்தது.

ஹிக்மா கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவனுக்கும் அவளுக்கும் நிக்காஹ்.

மேனேஜர் ஹென்ட்ரோ உச்சுக்கொட்டினார். "கால் வழுக்கி கன்வேயர் பெல்ட்ல விழுந்திருப்பான், இன்ஸ்பெக்டர் பாக். அப்படியே வந்து இங்க கொட்டிடுச்சு. விபத்து!"

இன்ஸ்பெக்டர் சிதோருஸ் கிராம்புச் சிகரெட்டை இழுத்தார்.

"இவ்ளோ பெரிய உடம்பு பெல்ட்ல வருமா?"

"ஹிக்மாவைக் கேளுங்க. எந்தச் சுமை பெல்ட்ல எப்படிப் போகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கிறதுதான் இவ வேலை."

ஹிக்மாவுக்குச் சுரீர் என்றது.

போன மாதம் இதே ஹென்ட்ரோ அவள் மேஜைக்கு வந்தார். 'ஆளுயர மரக்கட்டை நிலக்கரியோட வந்தா நடுவுல அடைக்குமா? ஓட்டிப் பாரேன்.'

ஓட்டினாள். ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குக் கொட்டும் இரும்புப் புனலில், முழு வேகத்தில் வந்த கட்டை குறுக்கே விழுந்து அடைத்தது. பாதி வேகத்தில்... வழுக்கிக்கொண்டு போனது.

கட்டையாம்... கட்டை!

பெல்ட்டின் தடுப்புக் கம்பிகளைக் கழற்றச் சொன்னது ஹென்ட்ரோதான் என்று யுஸ்ரான் கண்டுபிடித்ததும் அப்போதுதான். அதனால் ஒரு தொழிலாளிக்குக் கையே போயிருந்தது.

ஹிக்மா நிமிர்ந்தாள்.

"வராது பாக். எந்த வேகத்துலயும் புனல்ல அடைச்சுக்கும். யாரோ கொன்னு, தூக்கிட்டு வந்து இங்க புதைச்சிருக்காங்க."

பச்சைப் பொய்!

"அப்போ... கொலை!" என்றார் சிதோருஸ்.

ஹென்ட்ரோவின் முகம் சிவந்தது.

"உளறாதே! பாதி வேகத்துல போகும்னு நீதானே சொன்னே?"

"அது கட்டைக்கு. மனுஷ உடம்பு மடங்கும்... மாட்டிக்கும்."

"மாட்டலையே! வேகத்தைக் குறைச்சதும் சர்ருனு போச்சு! நான் பக்கத்துல நின்னு..."

வாய் பாதியில் நின்றது.

சிதோருஸ் சிகரெட்டை ஆற்றில் சுண்டினார். "ம்... பக்கத்துல நின்னு?"

ஹென்ட்ரோவின் கைக்கு விலங்கு வந்தது.

"வழி காட்டினதே நீதான்டி!" ஹென்ட்ரோ வெறியோடு கத்தினார். "அவன் சாவுல உனக்கும் பங்கிருக்கு!"

ஹிக்மா மறுக்கவில்லை. குனிந்து, யுஸ்ரானின் இமைகளில் அப்பியிருந்த கரித்தூளைத் துடைத்தாள். போகவே இல்லை. தேய்க்கத் தேய்க்க அவள் விரல்தான் கறுத்தது.

சிதோருஸ் ஹென்ட்ரோவின் தோளைத் தட்டினார்.

"ஏறுங்க பாக். ஜீப் முழு வேகத்துல போனாலும் சரி, பாதி வேகத்துல போனாலும் சரி... உங்களைக் கண்டிப்பா அடைச்சிடுவோம்!"