ஹாஜறாவின் இழுப்பு நின்ற பிறகு

மாலை அஸர் தொழுகைக்குப் பின் வீடு முழுவதையும் அறுத்துக்கொண்டிருந்த ஹாஜறாவின் மூச்சிழுப்புச் சத்தம், அவள் காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஒரேயடியாக நின்றுபோனது. அவள் கணவர் மீராசா மரைக்கார் அதை நல்லதென்று எடுத்துக்கொண்டு சாவியை மறுபடியும் திருப்பினார்.

டிக். அவ்வளவுதான்.

காலையில் அவரே பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டியிருந்தார். இரண்டு வீட்டு வளவு தள்ளி கராஜ் வைத்திருந்தவன் அவருடைய மருமகன் ஜெஸீம். அவர் சம்மதமில்லாமல் மகள் நிப்லாவைக் கலியாணம் முடித்தவன். மகளுக்கென்று கட்டிய வீட்டை, அவனை மாப்பிள்ளையாகக் குடிவர விடாமல் ஐந்து வருடமாகப் பூட்டி வைத்திருந்தார் மரைக்கார். அவனுடைய எண்ணெய்க் கை என் வாசல் கேற்றில் படக்கூடாது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னவர்.

"ஜெஸீமக் கூப்பிடுங்களே," என்று காரில் ஏறும்போது ஹாஜறா மூச்சுக்கு மூச்சு கெஞ்சினாள். "நம்மட புள்ளைர புருஷன்தானே."

"கதைக்காம இரி. இந்தா, இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

ஓட்டோ பிடித்திருக்கலாம். ஆனால், மரைக்கார் தானே பழுது பார்த்த கார் ஓடவில்லையாம் என்று கடைத்தெரு சிரிக்கும்.

பொனட்டைத் திறந்து பெட்டரி முனைகளைச் சுரண்டினார். பியூஸ்களைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். கடற்காற்றின் உப்பும் பெட்ரோல் நெடியும் அவள் நெஞ்சில் தடவியிருந்த தைல வாசமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் நிற்க, வியர்வை வழிய வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக்.

"அவனக் கூப்பிட வேணாம்," என்றாள் ஹாஜறா.

தெளிவாக. இடையில் மூச்சு வாங்காமல்.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் உடனே கூசியது. ஐந்து வருடமாக மகளுக்காக அழுதவள் அவள்.

"நம்மட மானம்தான் பெரிசு."

அது அவருடைய பேச்சு. அவள் ஒருநாளும் பேசாத பேச்சு.

திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. சாவி. டிக். சாவி. டிக்.

கேற் திறந்தது. ஜெஸீம்.

"அரை மணித்தியாலமா டிக் டிக் எண்டு கேக்குது மாமா. ஏசினா ஏசுங்க, பாத்திட்டுப் போறன்." குனிந்தான். "ஏர்த் வயர் பூட்டாமக் கெடக்கு. இத மறந்திட்டீங்க."

இரண்டே நிமிடம். இயந்திரம் உறுமி எழுந்தது.

ஜெஸீம் கை துடைத்தபடி பின்கதவைத் திறந்தான்.

"மாமி?"

அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"குளுந்து போய்க் கெடக்கா. எப்பயிருந்து மாமா?"

மரைக்கார் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். ஹாஜறாவின் தாடை தொங்கியிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. உதடுகள் அசையவில்லை.

"இப்பதான் எண்டு சொல்லுங்க," என்றாள் ஹாஜறா.

ஜெஸீமுக்குக் கேட்கவில்லை.

"இப்பதான்," என்றார் மரைக்கார்.

ஜெஸீம் விம்மிக்கொண்டு மறுபுறம் திரும்பி, நிப்லாவுக்குப் போன் எடுத்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில், ஹாஜறாவின் கை மெல்ல எழுந்தது. தொங்கிய தாடையைத் தாங்கி, வாயைத் தானே மூடிவிட்டது.