நாலாவது அறையின் பாத்தியதை

கல்லறையின் நாலாவது அறையை யாரோ பெருக்கியிருந்தார்கள்.

சமையல்கட்டு ஜன்னலில் நின்றால், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நிற்கும் விளைக்கு நடுவே, சஜிதாவின் புருஷனாக இருந்த ஷாஜன் வீட்டாரின் குடும்பக் கல்லறை தெரியும். சிமெண்டில் கட்டி வெள்ளையடித்த நாலு அறைகள், ஆள் நீளத்துக்கு, ஒன்றையொன்று ஒட்டி. மூன்று அறைகளை அடைத்தாகிவிட்டது. மூன்றாவதில் இரண்டு வருடமாக மாமியார் ஞானபாய் கிடக்கிறாள். நாலாவதின் வாயை நாய் புகாமல் ஒரு தகரத்தால் மூடியிருந்தார்கள். இன்று காலை அந்தத் தகரம் மரத்தில் சாய்ந்திருந்தது. உள்ளே கல்லறை கட்டியதிலிருந்து சேர்ந்த பதினோரு வருடத்துச் சருகும் சிலந்தி வலையும் போய், தரையில் வாரியல் கோடுகள் மட்டும் புதிதாக, ஒரே சீராக இருந்தன. விடியற்காலையிலிருந்து மழை. சேற்றில் ஒரு காலடி இல்லை.

சஜிதா கிட்டப் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிவந்து தோசையைப் புரட்டிப் போட்டாள். பயம் வரவேண்டிய இடம்தான், வரவில்லை. கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிய நாளிலிருந்தே அவளுக்கு எதுவும் ஒழுங்காக வருவதில்லை. அழுகையும் இல்லை, பசியும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க ஒரு மரப்பு.

ஷாஜன் தோஹாவில் வேறொருத்தியோடு இருக்கிறான். வீட்டையும் விளையையும் மகள் பிரீனாவை நினைத்து இவளுக்கே எழுதிக்கொடுத்தான். அந்த மட்டுக்கும் நல்லவன் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இனி சஜிதாவுக்கு ஒன்று ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு யார்? அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் தன் பழைய உயிலை ரத்து செய்து புதிது எழுதப் புறப்பட்டாள்.

பழைய உயில் மாமியார் கூடவே இருந்து எழுதவைத்தது. ஞானபாய் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பெற்ற மகனைவிட மருமகள்மேல்தான் அவளுக்கு உயிர். "நாஞ் செத்தா எனக்க பக்கத்துல நீதான் கிடக்கணும் மக்கா. தனியா கிடக்க எனக்குப் பேடி" என்று பயந்து சொல்வாள். நாலாவது அறை சஜிதாவுக்கு என்று அதையும் ஒரு வரியாக உயிலில் சேர்க்கச் சொன்னாள். சஜிதாவும் கையெழுத்துப் போட்டாள்.

அருமனையில் ஆதாரப் பத்திரம் எழுதும் ஜான்ரோஸின் கடையில் பதினொரு மணிக்கே டியூப் லைட் எரிந்தது. பக்கத்து விளையிலிருந்து ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை. அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கல்லறை விஷயத்த என்ன செய்ய?"

"வெட்டிருங்கண்ணே. அவனுக்க குடும்பத்துல எனக்கு இனி கிடக்காண்டாம். சர்ச் கல்லறைத் தோட்டம் மதி, அது போதும்."

"அப்பம் அந்த எடம்?"

"எனக்குள்ளது எல்லாம் மோளுக்குத்தானே."

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். தலையைத் தூக்காமல் வாசித்துக் காட்டினார்: 'மேற்படி கல்லறையில் எனக்குள்ள இடம் உட்பட சகல பாத்தியதைகளும் என் மகள் பிரீனாவுக்கே சேர வேண்டியது.' சஜிதா தலையாட்டினாள். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாள். பேனா பிடித்த விரல்கூடத் தன்னுடையது போல இல்லை.

வீடு வந்து சேரும்போது மணி ஐந்து. கரண்டு இல்லை. ரப்பர் மரங்களில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் மறைப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், செருப்பில்லாத ஈரக் கால் சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிவது போல, சமையல்கட்டுப் பக்கமாகப் போய் நின்றது. வீட்டுக்குள் புதுச் சுண்ணாம்பு மணம்.

நடு அறையில் பிரீனா பள்ளிக்கூட உடுப்போடு தரையில் மல்லாந்து கிடந்தாள். கால் இரண்டும் சேர்ந்து. கை நெஞ்சில்.

"என்னட்டி செய்யுத?"

"அனங்காமக் கிடக்கணும்மா. பாட்டி அளவு பாத்தாங்க."

"யாரு?"

"பாட்டி. நான் குட்டியாம். எடம் மிச்சம் கிடக்குமாம். சிரிச்சாங்க."

அப்போதுதான் காலையில் வாசித்த வரி சஜிதாவின் மனதில் ஏறியது. முழுதாக ஏறியது. கல்லறையில் தன் இடத்தைப் பிள்ளைக்கே எழுதிக்கொடுத்திருந்தாள். இத்தனை மாதம் வராத பயம் மொத்தமும் ஒன்றாக வந்தது. பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, கையை இறுகப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, அந்த வரிய மாத்தணும். இப்பமே மாத்தணும்."

"ஏன் மக்கா? உயிலு நீ செத்த பொறவுதானே செல்லும்? நாளைக்கு வா, பாப்போம்."

செத்த பிறகு செல்லும் என்பதெல்லாம் உயிரோடிருப்பவர்களின் சட்டம். கல்லறைக்குள் கிடப்பவளுக்கு யார் போய்ச் சொல்வது? "நாளைக்கு முடியாதுண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள். பிடித்திருந்த கை சில்லிட்டது. தோல் சுருங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

அவள் பிடித்திருந்தது வெறும் காற்றை.

பின்வாசல் திறந்து கிடந்தது.

ஓடினாள். மழை. சேறு. ஒருமுறை விழுந்தாள். எழுந்தாள். விளை இருட்டியிருந்தது. நாலாவது அறையின் வாயில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருந்த சுவர் இல்லை.

பிரீனா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு அடியில் ஒரு கை. கறுத்து உலர்ந்த கை. இன்னொரு கை அவள் முதுகில். அது மெல்ல, தாளம் தப்பாமல், பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு உடுத்திய வெள்ளைச் சேலையின் முந்தானை பிள்ளையின் காதுவரை போர்த்தியிருந்தது.

சஜிதா பிரீனாவின் காலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

"மாமி, பிள்ளைய விடுங்க. நான் வாறேன். நானே வந்து கிடக்கேன்."

தட்டுவது நின்றது.

மழைச் சத்தமும் நின்றதுபோல் இருந்தது. இருட்டுக்குள் முகம் ஒன்று மெதுவாக இவள் பக்கம் திரும்பியது.

பிரீனா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்து, அம்மாவுக்கு இடம் விட்டாள்.