மாடியில் அப்பா, டிவியில் அம்மா

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: டிவிக்கு முன்னால் பொடியன், நாற்காலியில் அத்தை, மாடிப்படியில் பெரியவள், மொட்டைமாடியில் அப்பா. அம்மா இல்லை. அம்மா ஆறு மணிக்கு டிவிக்குள் வர வேண்டும்.

அம்மா பேருந்து ஓட்டுபவர். பேட்டி கொடுக்க ஒரு சேனலில் கூப்பிட்டிருந்தார்கள். நேரலை. பத்தே நிமிடம். தவறவிட்டால் மறுபடி போட மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், போன வாரம்தான் அப்பா கேபிளை நிறுத்தினார்.

“இருநூற்று எண்பது சேனல்ல நாம பார்க்கறது நாலு. அந்த நாலும் சும்மாவே காத்துல வருது. ஒரு ஆன்டெனா போதும்” என்றார். கேபிள்காரர் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். அத்தை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

ஆன்டெனா இன்றைக்குத்தான் கம்பத்தில் ஏறியது. இப்போது மணி ஐந்தரை.

“வருதா?” மாடியிலிருந்து அப்பா கத்தினார்.

“வருதாடா?” படியிலிருந்து பெரியவள் கத்தினாள்.

“கட்டம் கட்டமா வருது! செய்தி வாசிக்கிறவருக்கு மூக்கு காதுல இருக்கு!”

“மூக்கு காதுல இருக்காம்ப்பா!”

அத்தை பெருமூச்சு விட்டார். “முந்நூறு சேனல் ஓடின வீடு. இப்போ ஒரு மூக்கை ஒழுங்கா காட்ட வக்கில்லை.”

அப்பா பொறுமை இழந்து தானே பார்க்க இறங்கி வந்தார். படம் பளிச்சென்று இருந்தது. மூக்கு மூக்கின் இடத்தில் இருந்தது.

“அப்படியே விட்டுடு தம்பி” என்றார் அத்தை.

“இல்லக்கா, இன்னும் ஒரு நூல் திருப்பினா கண்ணாடி மாதிரி இருக்கும்.”

மேலே ஓடினார்.

“போச்சு!” என்றான் பொடியன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தார். படம் வந்தது. மேலே போனார். படம் போனது. ஸ்பேனரை மறந்து மறுபடி வந்தார். படம் வந்தது.

“உன் கைராசி அப்படிடா!” என்று அத்தை கூவினார்.

பெரியவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாலு படி ஏறினாள், நாலு படி இறங்கினாள். மணி ஐந்து ஐம்பது. எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் கடிகாரம் நிற்கப் போவதில்லை.

அப்பா ஸ்பேனரோடு போனபோது அவளும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். ஆன்டெனாவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. நிற்க இடமே இல்லை. அதனால் அப்பா முன்பக்கம் போய் நின்றார். அவர் கை இன்னும் ஆன்டெனாவைத் தொடவில்லை.

“போச்சு!” கீழே பொடியனின் குரல்.

கைராசி இல்லை, முதுகு!

கீழே ஓடிப்போய் எல்லாரிடமும் சொல்லிவிடலாம். அத்தை இதை ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெரியவள் கீழே ஓடவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, ஒளிபரப்புக் கோபுரம் எந்தப் பக்கம்?”

“அதோ, என் பின்னால.”

“ஆன்டெனா அதைத்தானே பார்க்கணும்? நடுவுல நீங்க நிக்கறீங்க. அதுக்கு உங்க சட்டைதான் தெரியுது.”

அப்பா திரும்பிப் பார்த்தார். ஓர் அடி நகர்ந்தார்.

“வந்துச்சு!” என்றான் பொடியன்.

அப்பா மறுபடி முன்னால் வந்தார்.

“போச்சு!”

நகர்ந்தார்.

“வந்துச்சு! யாருப்பா விளையாடறது?”

அப்பா தலையைச் சொறிந்தார். “சரி, நான் இங்கேயே ஓரமா நிக்கறேன். காத்துல திரும்பிடுச்சுன்னா?”

“இங்கே நின்னா அம்மாவை எப்படிப் பார்ப்பீங்க?”

அவர் ஏற்கெனவே முறுக்கிய திருகை மறுபடி முறுக்கினார்.

“உங்களுக்குப் பயமா இருக்காப்பா?”

“உங்கம்மா மேடையில ஏறினதே இல்லடா. நடுவுல பேச்சு வராம நின்னுட்டா? என்னால உட்கார்ந்து பார்க்க முடியாது. கையில ஏதாவது வேலை வேணும்.”

“எனக்கும் காலையிலேர்ந்து பயம்தான். வாங்க, சேர்ந்து பயப்படலாம். என் கையைப் பிடிச்சுக்கிறதுதான் உங்க வேலை. சும்மா இல்லை, நல்லா இறுக்கமா.”

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அம்மா! அம்மா! மூக்கு சரியா இருக்கு!” பொடியன் அலறினான்.

“சீக்கிரம் வாங்க! கேள்வி கேட்டதுக்கே சிரிச்சுட்டா!” அத்தை கீழேயிருந்து கூப்பிட்டார்.

அப்பா கதவைத் தாண்டி இரண்டு படி இறங்கினார். அங்கே நின்று, ஆன்டெனா பக்கம் கழுத்தைத் திருப்பினார்.

“ஒரே ஒரு நூல்...”

பெரியவள் அவருக்குப் பின்னால் மாடிக்கதவைச் சாத்திப் பூட்டினாள்.