பெடலில் யார் கால்

ஆக்சிலரேட்டர் பெடல் சூடாக இருந்தது.

மூன்று மாதமாகப் பயணியர் விடுதிப் புளியமரத்தடியில் நின்ற ஜீப். ஜவ்வாது மலையில் கார்த்திகைச் சாயங்காலம். பானட்டில் ஈரம், ஸ்டியரிங்கில் ஈரம், சீட்டுக் கிழிசலில் காளானே முளைத்திருந்தது. பெடல் மட்டும், இப்போதுதான் யாரோ காலை எடுத்துவிட்டு இறங்கிப்போனதுபோல வெதுவெதுவென்றிருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர் சக்கரவர்த்தி, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, வெயில் பட்டிருக்கும் என்று முடிவு செய்தார். நான்கு நாளாக மலையில் வெயிலே இல்லை. அதனால் அவர் முடிவுக்கு ஒன்றும் சேதமில்லை.

விபத்து அறிக்கையையும் அவர் இப்படித்தான் எழுதுவார், டீ ஆறுவதற்குள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். 'வாகனத்தில் குறை இல்லை. ஓட்டுநரின் தவறு.' எழுதி எழுதிக் கை வலித்ததால் ரப்பர் ஸ்டாம்பே செய்துவைத்திருந்தார். இந்த ஜீப்புக்கும் ஒரு குத்து குத்தி அனுப்பினார். புதிதாக வந்த மாஜிஸ்திரேட், "நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படியொரு அநாகரிகமான கேள்வியை அவர் சந்தித்ததில்லை. அதன் பலனாக, எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகையில், அதே ஜீப்பை, அதே சாலையில், அதே ஐந்தரை மணிக்கு, அதே டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டும்படி ஆயிற்று.

டிரைவர் பெயர் குப்பன். போளூர்க்காரன். ஆவணியில் இந்த ஜீப் அவன் கையில் தறிகெட்டு ஓடி, சாமை மூட்டையோடு நடந்துபோன வெள்ளையம்மாள் என்பவளைச் சாலையோர மண்மேட்டோடு வைத்து நசுக்கியது. காலை எடுத்துவிட்டேன், வண்டி நிற்கவில்லை என்றான். 'குறை இல்லை' என்று சக்கரவர்த்தி இன்றைக்கும் எழுதினால் அவன் ஜெயிலுக்குப் போவான்.

"பேட்டரி செத்துப் பல நாளாச்சு சார். தள்ளித்தான் வுடணும். ஆளு சொல்லியிருக்கேன்," என்றான் விடுதிக் காவல்காரன் பழனி.

சக்கரவர்த்தி சும்மா சாவியைத் திருப்பினார். தொட்டதும் பிடித்துக்கொண்டது எஞ்சின்.

பழனி இரண்டடி பின்னால் போனான்.

போளூர் இறங்கும் பாதையில் மூடுபனி மரங்களின் இடுப்புவரை ஏறியிருந்தது; ஈரச் சருகும் பெட்ரோலும் எங்கோ புதரில் செத்துக் கிடக்கும் ஏதோ ஒன்றும் கலந்த வாடை திரைத்துணி இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டேயிருந்தது; ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய்ப் பஞ்சில் குத்தினாற்போல நின்றது; எஞ்சினின் உறுமலுக்கு அடியில், கூர்ந்து கேட்டால் மட்டும், யாரோ மூச்சைப் பிடித்து மெதுவாக விடுவதைப்போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

பயத்துக்கு மருந்து பிரசங்கம் என்பது சக்கரவர்த்தியின் கொள்கை.

"வண்டிங்கிறது ஜடம்யா குப்பா. மிதிச்சாத்தான் ஓடும். நீ பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கே."

"நான் காலை எட்த்துட்டேங்க."

"எல்லா டிரைவரும் காலை எடுத்தவன்தான்! அப்புறம் யாருய்யா மிதிச்சது? உங்க பாட்டனா?"

குப்பன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோர்ட்ல பாதிதாங்க சொன்னேன். மீதிய சொன்னா கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பாங்க."

"இன்னாய்யா மீதி?"

"வேணாம் சார். மெதுவாவே போங்க."

மெதுவாகத்தான் போனார். மூன்றாவது வளைவுவரை.

வளைவில் காலைத் தளர்த்தினார். வேகம் குறையவில்லை. பெடல் மேலே வரவில்லை. ஸ்பிரிங் சரியாகத்தான் இருந்தது, கிளம்புமுன் குனிந்தபோது இவரே பார்த்திருந்தார். காலை முழுவதும் எடுத்தார். வண்டி முன்னைவிட வேகமாகப் போனது.

பிரேக்கை மிதித்தார். கருங்கல்லை மிதித்தமாதிரி இருந்தது. கியரை இழுத்தார், அசையவில்லை. சாவியைத் திருப்பினார், பிடுங்கியே விட்டார். சாவி கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"குப்பா!"

"காலை எட்த்துட்டீங்களா சார்?" அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எடுத்துட்டேன்யா! சத்தியமா எடுத்துட்டேன்!"

"ஸ்டியரிங்க மட்டும் வுட்றாதீங்க. கீழ பாக்காதீங்க. இன்னா ஆனாலும் கீழ மட்டும் பாக்காதீங்க."

நான்காவது வளைவு. டயர் கீச்சிட்டது. இடதுபுறம் பாதாளம், அதில் பனி. வலதுபுறம் பாறை. ஹாரன் அடித்தார். சத்தம் வரவில்லை.

எதிரே பனி கிழிந்தது.

ஆட்கள். சந்தை முடிந்து மலையேறுகிறவர்கள். தலையில் மூட்டை. சாலை முழுக்க. பத்துப் பேர். இருபது. முன்னால் வந்த கிழவி கண்கூசி நின்றாள்.

"நான் மிதிக்கல," என்றார் சக்கரவர்த்தி, யாரிடமோ. "நான் இல்ல."

நிரூபிக்கவேண்டும்போல் இருந்தது. இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்து, ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக் குந்திக்கொண்டார். பார்த்தார். இதோ இடதுகால். இதோ வலதுகால். காக்கிக் கால்சட்டை. வலது முட்டிக்குக் கீழே மனைவி சுந்தரம்மாள் போன வாரம் போட்டுத் தந்த ஒட்டு, நீல நூலில்.

"பாக்காதீங்க சார்!"

பார்த்துவிட்டார்.

கீழே, பெடலின்மேல், இன்னொரு வலதுகால் இருந்தது. காக்கிக் கால்சட்டை. முட்டிக்குக் கீழே ஒட்டு. நீல நூல். அது அவர் இடுப்பிலிருந்துதான் இறங்கியிருந்தது.

கிழவியின் தலையிலிருந்து மூட்டை நழுவியது. அந்தக் கால், அவசரமே இல்லாமல், பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியது.